பலகையா, பெட்டியா? ஸ்பீக்கர் வாங்கும் முன் சுவரை அளந்து பாருங்கள்

பலகை போன்ற பிளேனர் ஸ்பீக்கரை நல்ல அறையில் ஒருமுறை கேட்டவருக்குப் பெட்டி ஸ்பீக்கர் கொஞ்சம் அடைத்த குரலாகத்தான் தோன்றும். வீணையின் மீட்டலும் பாடகரின் மூச்சும் அறையின் நடுவே நிற்கும். ஆனால் அதே ஸ்பீக்கர் இடம் மாறினால் சோகை பிடித்தாற்போல் ஒலிக்கவும் செய்யும். அதனால் கடைக்குக் கிளம்பும் முன் ஒரு டேப்பை எடுத்து ஹாலை அளந்துவிடுங்கள்.

ஏன் என்று தெரிய, இரண்டும் வேலை செய்யும் விதத்தைப் பார்ப்போம். காந்தத்தின் நடுவே ஒரு கம்பிச் சுருள், அதனுடன் ஒட்டிய காகிதக் கூம்பு: இதுதான் கோன் ஸ்பீக்கர். 1925-இல் ஜெனரல் எலக்ட்ரிக்கின் ரைஸும் கெல்லாக்கும் வெளியிட்ட வடிவமே சிற்சில திருத்தங்களோடு இன்றும் ஓடுகிறது. கூம்பின் பின்பக்க ஒலியைப் பெட்டி அடக்கிக்கொள்ளும். பிளேனரில் கூம்புக்குப் பதில் மெல்லிய பிளாஸ்டிக் படலம். அமெரிக்காவின் மேக்னபேன் படலத்தில் கம்பியை ஒட்டி, எதிரே காந்தப் பட்டைகளை வைக்கிறது. 1957-இல் விற்பனைக்கு வந்த இங்கிலாந்தின் குவாட் போன்ற எலக்ட்ரோஸ்டாடிக் வகையில், ஆயிரக்கணக்கான வோல்ட் ஏற்றிய படலம் துளையிட்ட இரு தகடுகளுக்கு நடுவே அதிரும். இரண்டிலும் பெட்டி கிடையாது. முன்னால் வரும் அதே ஒலி பின்னாலும் போகும்.

முதல் வேலை, பின்சுவர். பேனலுக்குப் பின்னால் குறைந்தது 3 அடி வேண்டும். ஒரு மீட்டர் விட்டால், பின்னால் போன ஒலி சுவரில் பட்டு ஏறக்குறைய 6 மில்லி செகண்ட் தாமதமாகத் திரும்பும். காது அதை அறையின் விசாலமாக எடுத்துக்கொள்ளும். அரை அடிதான் விட்டீர்கள் என்றால் முன் ஒலியும் பின் ஒலியும் கலந்து குழம்பும். பலரும் கவனிக்காத ஒரு நன்மையும் இங்கே உண்டு. பேனலின் பக்கவாட்டில் ஒலி மிகக் குறைவு. எனவே நீளமான, குறுகலான ஹாலில் பக்கச் சுவரை ஒட்டினாற்போல் வைக்கலாம். கோன் ஸ்பீக்கர் அங்கே வெறும் சுவரில் மோதி எதிரொலிக்கும்.

அளந்தபின் ஒரு பழைய அட்டைப் பெட்டியை 4 அடி உயரம், ஒன்றேகால் அடி அகலத்துக்கு இரண்டாக வெட்டுங்கள். சின்ன பிளேனரே ஏறக்குறைய அந்த அளவுதான். சுவரிலிருந்து 3 அடி தள்ளி நிறுத்தி ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். யார் இடித்துக்கொள்கிறார்கள், டிவியை எது மறைக்கிறது, வீட்டில் எத்தனை முறை முணுமுணுப்பு எழுகிறது என்பதெல்லாம் காசில்லாமல் தெரிந்துவிடும்.

அடுத்து ஆம்ப். மேக்னபேனின் சிறிய மாடல்கள் 4 ஓம், சென்சிடிவிட்டி 86 டெசிபெல் அளவில்தான், அதனால் வாட்ஸ் அதிகம் கேட்கும். 3 டெசிபெல் கூட்ட வேண்டுமானால் இரட்டிப்பு வாட்ஸ் தேவை. 10 டெசிபெல்லுக்குப் பத்து மடங்கு. உங்கள் ஆம்பின் கையேட்டில் 8 ஓம் கணக்கு மட்டும் இருந்து, 4 ஓம் பற்றிப் பேச்சே இல்லையென்றால் கோன் பக்கம் போங்கள். எலக்ட்ரோஸ்டாடிக் என்றால் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் கரண்ட் பாயிண்டும் வேண்டும்.

யார் கேட்கப் போகிறார்கள்? தனியாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்து கேட்பவருக்குப் பிளேனர் அள்ளிக் கொடுக்கும். அகலமான தட்டைப் பேனலில் மேல் ஸ்வரங்கள் நேர்கோட்டில் பாய்வதால், பக்கத்தில் உட்கார்ந்தவருக்குப் பாதிதான் கிடைக்கும். இந்தக் குறைக்காகவே குவாட் 1981-இல் வட்ட வட்டமான மின்தகடுகளோடு இஎஸ்எல்-63-ஐக் கொண்டுவந்தது. மார்ட்டின் லோகன் பேனலையே வளைத்துவிட்டது. குடும்பமே சோபாவில் உட்கார்ந்து பாட்டு, படம், கிரிக்கெட் என்று கேட்கும் வீட்டுக்குக் கோன்தான் பொருத்தம்.

பேஸ். நீண்ட அலைகள் பேனலின் ஓரத்தைச் சுற்றி வந்து பின்பக்க ஒலியோடு மோதி அழியும். மிருதங்கத்தின் தொப்பி துல்லியமாக இருக்கும். தவிலின் அடி வயிற்றில் இறங்காது. திரையிசையின் பேஸ் பிடித்தவர்கள் சப்வூஃபருக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கடையில் உங்கள் பாட்டையே போடச் சொல்லுங்கள்: ஒரு தனிக்குரல், ஒரு தனி ஆவர்த்தனம், முழு ஆர்கெஸ்ட்ராவோடு ஒரு திரைப்பாட்டு. சத்தம் கூடிய ஸ்பீக்கர்தான் எப்போதும் நல்லதாகத் தோன்றும். போனில் டெசிபெல் ஆப் ஒன்றை வைத்து இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிடுங்கள். கேட்டுக்கொண்டே எழுந்து நில்லுங்கள், ஓரத்துக்கு நகருங்கள்.

பராமரிப்பில் இரண்டுக்கும் தொல்லை உண்டு. எலக்ட்ரோஸ்டாடிக் படலம் தூசியை இழுக்கும். கடற்கரை ஊர்களின் ஈரப்பதமும் அதற்கு ஆகாது. ஒட்டிய கம்பியுள்ள பேனலை வெயில் படும் ஜன்னலருகே வைக்காதீர்கள், பசை விடும். கோனில் ஓர வளையம் ஃபோம் என்றால் சில வருடங்களில் உதிரும். ரப்பர் வளையம் கேட்டு வாங்குங்கள்.

பின்னால் 3 அடி, 4 ஓம் தாங்கும் ஆம்ப், தனியாகக் கேட்கும் பழக்கம் ஆகிய மூன்றும் உங்களிடம் இருந்தால் தயங்காமல் பிளேனர் வாங்குங்கள். ஒன்று குறைந்தாலும், அதே பணத்துக்கு நல்ல ஸ்டாண்டோடு ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் கோன் ஸ்பீக்கர்தான் என் சிபாரிசு.