பழைய லேப்டாப்: பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில் அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்கள் லட்சக்கணக்கானோர் அந்தக் கருவியைப் பையில் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். பல குடும்பங்களுக்கு அதுதான் முதல் கணினி. அப்படி வந்தவற்றில் எத்தனையோ லேப்டாப்கள் இன்று பீரோவின் மேல்தட்டில் சார்ஜர் ஒயர் சுற்றியபடி கிடக்கின்றன. காரணம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "அதுக்கு வயசாயிடுச்சு."

வயதுக்கும் பங்கு உண்டுதான். ஆனால் அந்த ஒரே சொல்லுக்குள் நாலைந்து தனித்தனிக் கோளாறுகள் அடங்கியிருக்கின்றன. அவற்றில் பல சரிசெய்யக்கூடியவை. கல்லூரிக்குப் போகும் பிள்ளை இருக்கிற வீட்டில், இன்னும் உழைக்கக்கூடிய ஒரு கணினியை ஒதுக்கிவிட்டு மாதத் தவணையில் புதிது வாங்குவது தேவையற்ற சுமை. கடைக்குத் தூக்கிப் போவதற்கு முன்பு கோளாறு எங்கே என்று தெரிந்துகொள்வது நல்லது.

நெடுநாள் கழித்து எடுத்துப் போடும்போது முதலில் வரும் சிக்கலிலிருந்தே தொடங்கலாம். லேப்டாப் ஆன் ஆகிறது, வைஃபையும் கிடைக்கிறது. ஆனால் ஜிமெயில் திறக்கவில்லை, வங்கித் தளம் திறக்கவில்லை, எதைத் தட்டினாலும் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்ற எச்சரிக்கை வருகிறது. உடனே "வைரஸ் ஏறியிருக்கு" என்பார் ஒருவர். "பழைய மெஷின்ல இனிமே இன்டர்நெட் வராது" என்பார் இன்னொருவர். இருவரும் திரையின் வலது கீழ் மூலையைப் பார்ப்பதில்லை. அங்கே தேதி பல ஆண்டுகள் பின்னால் போய் நிற்கும்.

இன்றைய இணையதளங்கள் ஒவ்வொன்றும் ஒரு டிஜிட்டல் சான்றிதழைக் காட்டித்தான் தம்மை நிரூபிக்கின்றன. அந்தச் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. கணினியின் கடிகாரம் 2012 என்று காட்டினால், இந்த ஆண்டு வழங்கப்பட்ட சான்றிதழ் அதற்கு இன்னும் பிறக்காத ஒன்று; பிரவுசர் ஏற்க மறுக்கிறது. தேதியையும் நேரத்தையும் சரியாக வைத்த அடுத்த நொடியே தளங்கள் திறந்துவிடும். கடிகாரம் பின்னோக்கிப் போனதற்குக் காரணம், மதர்போர்டில் இருக்கும் சின்னக் காசு வடிவ பேட்டரி. மூன்று வோல்ட் கொண்ட அந்த சி.ஆர். 2032 வகை செல்தான், லேப்டாப் அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டுகிறது. செல் தீர்ந்ததும் தேதி மட்டுமல்லாமல் பயாஸ் அமைப்புகளும் ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிடலாம். அதில் ஹார்டு டிஸ்க் இயங்கும் முறை மாறிவிட்டால் விண்டோஸ் நீலத்திரையில் நின்றுவிடும். அதைப் பார்த்து "டிஸ்க் போச்சு" என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. பயாஸில் அந்த ஒரு அமைப்பைப் பழையபடி வைத்தாலே போதும். பல லேப்டாப்களில் இந்த செல் இரண்டு சின்ன ஒயர்களோடு பிளாஸ்டிக் உறைக்குள் வரும். வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டுபோய், அதே கனெக்டர் உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது எல்லோரும் சொல்லும் புகார்: ஸ்லோ. "பிராசஸர் பழசு, இனி ஒன்றும் செய்ய முடியாது" என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். கணக்கு வேறு மாதிரி இருக்கிறது.

பழைய லேப்டாப்களில் பெரும்பாலும் இருப்பது நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும் ஹார்டு டிஸ்க். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லி விநாடி. வேண்டிய தகவல் முள்ளுக்கு நேராக வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்றாவது காத்திருக்க வேண்டும், அது 5.5 மில்லி விநாடி. அதற்கு முன் முள் சரியான தடத்துக்கு நகர வேண்டும். அதற்குப் பத்துப் பன்னிரண்டு மில்லி விநாடி. இரண்டையும் கூட்டினால் ஒரு விநாடியில் சிதறிக் கிடக்கும் அறுபது துண்டுகளைப் படித்தால் அதிகம். விண்டோஸ் தொடங்கும்போதோ, பிரவுசர் திறக்கும்போதோ அது தேடுவது ஆயிரக்கணக்கான சிறுசிறு துண்டுகளை. பிராசஸர் அந்த நேரம் முழுக்கச் சும்மா காத்துக்கொண்டிருக்கிறது. எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் முள்ளும் இல்லை, சாதாரண எஸ்.எஸ்.டி.கூட ஒரு விநாடியில் பல ஆயிரம் துண்டுகளைப் படித்துவிடும். சந்தேகம் இருந்தால் விண்டோஸ் 10-இல் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்க்கலாம். டிஸ்க் 100 சதவீதத்தில் சிவந்து நிற்க, சி.பி.யு. பத்துப் பதினைந்து சதவீதத்தில் இருந்தால் குற்றவாளி யார் என்று அதுவே சொல்லிவிடும்.

"பழைய லேப்டாப்பில் எஸ்.எஸ்.டி. பொருந்தாது" என்றும் ஒரு பேச்சு உண்டு. சாட்டா கனெக்டர் உள்ள எந்த லேப்டாப்பிலும் 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. அதே இடத்தில் உட்காரும். 2011-இல் வந்த திங்க்பேட் டி420-ஐ எடுத்துக்கொண்டால், பக்கவாட்டில் ஒரே ஒரு திருகைக் கழற்றினால் டிஸ்க் வெளியே வந்துவிடும், ஆள் தேவையில்லை. பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமன், புதியது 7 மில்லிமீட்டர் என்றால் இடைவெளிக்கு ஒரு பிளாஸ்டிக் சட்டம் வைக்கலாம். சூயிங் கம் பட்டை போல நீளமாக வரும் எம்.2 வகையை இதற்கு வாங்கிவிடக் கூடாது. சாட்டாவுக்கு முந்தைய ஐ.டி.இ. கனெக்டர் உள்ள லேப்டாப்களுக்கும் இந்த வழி கிடையாது.

ரேம் விஷயத்தில் நம்பிக்கை பாதி உண்மை. 2 ஜி.பி. வைத்துக்கொண்டு இன்றைய பிரவுசரோடு மல்லுக்கட்டுபவருக்கு 4 அல்லது 8 ஜி.பி. பெரிய விடுதலை. ஆனால் 32 பிட் விண்டோஸ் இருக்கும்வரை 4 ஜி.பி. போட்டாலும் அதில் மூன்று, மூன்றரைக்கு மேல் பயன்பாட்டுக்கு வராது. நெட்புக் என்ற பெயரில் வந்த சின்ன லேப்டாப்களில் பெரும்பாலும் இருந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் பதிப்போ 2 ஜி.பி.க்கு மேல் எவ்வளவு போட்டாலும் திரும்பிப் பார்க்காது. கடைக்காரர் ரேமை மாற்றிக் காசு வாங்கிய பிறகும் வேகம் ஏறவில்லை என்றால் இதுதான் காரணமாக இருக்கும். டி.டி.ஆர். 3, டி.டி.ஆர். 3எல் வித்தியாசத்தையும் கவனிக்க வேண்டும்: முன்னது 1.5 வோல்ட், பின்னது 1.35. டி.டி.ஆர். 3எல் ரேம் 1.5 வோல்ட்டிலும் ஓடும், ஆனால் 1.35 வோல்ட் மட்டுமே தரும் லேப்டாப்பில் பழைய டி.டி.ஆர். 3 ஓடாது.

டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து ஐந்தாறு முறை 'ரிஃப்ரெஷ்' கொடுக்கும் பழக்கம் இங்கே எந்தக் கணினி வகுப்பிலும் காணக்கூடியது. ரேம் சுத்தமாகும் என்பது நம்பிக்கை. அந்தக் கட்டளை ஐகான்களைத் திரும்ப வரைகிறது, அவ்வளவுதான். ரேமில் ஒரு பைட்கூட அதனால் காலியாவதில்லை.

வேகம் குறைந்ததற்குச் சார்ஜர் காரணமாக இருக்கலாம் என்றால் பலர் நம்ப மாட்டார்கள். டெல் லேப்டாப்களின் சார்ஜர் முனையில் நடுவே ஊசிபோல ஒரு பின் இருக்கும். சார்ஜர் எத்தனை வாட் என்ற தகவல் அதன் வழியாகத்தான் லேப்டாப்புக்குப் போகிறது. அந்தப் பின் வளைந்துவிட்டாலோ, தகவல் தராத மலிவுச் சார்ஜரைப் போட்டாலோ லேப்டாப் ஓடும். ஆனால் பேட்டரி ஏறாது, பிராசஸரும் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விண்டோஸைத் திரும்பத் திரும்பப் போட்டாலும் இது மாறாது. இன்னொரு பக்கம், "90 வாட் சார்ஜர் போட்டால் 65 வாட் லேப்டாப் எரிந்துவிடும்" என்ற பயம் ஆதாரமற்றது. வோல்ட் அளவும் முனையும் ஒன்றாக இருந்தால், லேப்டாப் தனக்கு வேண்டிய மின்சாரத்தை மட்டும் இழுத்துக்கொள்ளும்.

பேட்டரியைப் பற்றிய அறிவுரைகள் இன்னும் பழையவை. "முழுசா ஜீரோவுக்கு இறக்கிட்டு அப்புறம் ஏத்து", "புது பேட்டரியை முதல் தடவை எட்டு மணி நேரம் போடு" என்பவை நிக்கல் காட்மியம் பேட்டரிக் காலத்து விதிகள். லித்தியம் அயன் பேட்டரியை சோனி விற்பனைக்குக் கொண்டுவந்தது 1991-இல். அதற்கு இந்த விதிகள் பொருந்தாது. அடிக்கடி ஜீரோவரை இறக்குவது அதன் ஆயுளைக் குறைக்கவே செய்யும். எப்போதாவது ஒருமுறை முழுதாக இறக்கி ஏற்றினால், எத்தனை சதவீதம் மீதி என்று காட்டும் அளவி திருந்தும், அதற்கு மேல் பலன் இல்லை. உப்பிப்போன பேட்டரி மட்டும் விதிவிலக்கில்லாத ஆபத்து. டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ, அடிமூடி பிளந்திருந்தாலோ சார்ஜ் போடாமல், அழுத்தாமல், குத்தாமல் உடனே அகற்ற வேண்டும்.

இப்போது மென்பொருள். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. "அந்தத் தேதிக்குப் பிறகு லேப்டாப் ஓடாது" என்று பரவிய பேச்சு தவறு, ஓடும். ஆனால் மைக்ரோசாஃப்ட் தரும் நீட்டிப்புத் திட்டத்தில் சேராதவர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. வங்கிக் கணக்கும் ஆதார் நகலும் புழங்கும் கணினியில் அது சின்ன விஷயமில்லை. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 சிப்பும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசஸரும் வேண்டும். குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்று சொல்பவர்கள் உண்டு. கோர் 2 டுயோ காலத்து லேப்டாப்களில் அந்தக் குறுக்கு வழியும் அடைபட்டுவிட்டது: 24எச்2 பதிப்பிலிருந்து விண்டோஸ் 11 கேட்கும் சில கட்டளைகள் அந்த பிராசஸர்களில் இல்லவே இல்லை.

மிச்சமிருக்கும் நல்ல வழி லினக்ஸ். "அதில் எல்லாம் கமாண்ட் அடித்துத்தான் செய்ய வேண்டும்" என்பது இருபது ஆண்டுகளுக்கு முந்தைய நினைப்பு. லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பைத் திறந்தால் கீழே பட்டை, இடது மூலையில் மெனு, மூலையில் வைஃபை என எல்லாம் பழகிய இடத்திலேயே இருக்கும். ஏற்கெனவே இருப்பதை அழித்துத்தான் பார்க்க வேண்டும் என்பதும் இல்லை. அதை பென் டிரைவில் ஏற்றி, லேப்டாப்பை ஆன் செய்யும்போது லெனோவோ, டெல் என்றால் எஃப் 12, எச்.பி. என்றால் எஃப் 9 பொத்தானைத் தட்டி, பென் டிரைவிலிருந்தே ஓட்டலாம். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, திரை வெளிச்சம் கூடிக் குறைகிறதா என்று ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுப் பிறகு முடிவெடுக்கலாம். தமிழ்99 விசைப்பலகையும் அங்கே உண்டு. சில கிளிக்குகளில் சேர்த்துக்கொள்ளலாம். தமிழக அரசு தொடக்க ஆண்டுகளில் தந்த மடிக்கணினிகளிலேயே விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் இருந்தது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய அந்த லினக்ஸைப் பலர் ஒருமுறைகூடத் திறந்து பார்க்காமலே அழித்துவிட்டார்கள். அது ஒரு தலைமுறை மாணவர்கள் தவறவிட்ட வாய்ப்பு.

லினக்ஸ் ஆர்வலர்களிடமும் ஒரு நம்பிக்கை இருக்கிறது: "லினக்ஸ் போட்டால் எல்லாம் பறக்கும்." இயங்குதளம் இலேசாகலாம், இணையப் பக்கங்கள் இலேசாவதில்லை. பிரவுசரில் இருபது டேப் திறந்தால் எந்த இயங்குதளத்திலும் ரேம் நிறையும். யூடியூப் வீடியோ திக்கித் திக்கி ஓடுவதற்குக் காரணமும் வேறு. யூடியூப் இப்போது பெரும்பாலும் வி.பி. 9, ஏ.வி. 1 வடிவங்களில் வீடியோவை அனுப்புகிறது. இன்டெல் சிப்களில் வி.பி. 9-ஐ முழுதாக விரிக்கும் தனிச் சுற்று ஏழாம் தலைமுறையில்தான் வந்தது. அதற்கு முந்தைய லேப்டாப்களில் அந்த வேலை முழுவதும் பிராசஸரின் தலையில் விழுகிறது, ஃபேன் அலறுகிறது. பழைய எச். 264 வடிவத்தையே கேட்டு வாங்கும் பிரவுசர் இணைப்பு ஒன்றைச் சேர்த்தால், அதே லேப்டாப்பில் அதே பாடவீடியோ பெரும்பாலும் சிரமமின்றி ஓடும். 32 பிட் மட்டும் அறிந்த இன்டெல் ஆட்டம் என்270 போன்ற சிப்களுக்கு மட்டும் வழி குறுகிவிட்டது. உபுண்டு 2017-லேயே அவற்றுக்கான டெஸ்க்டாப் வெளியீட்டை நிறுத்திவிட்டது, 2025-இல் வந்த டெபியன் 13-உம் அவற்றுக்கான நிறுவியைத் தருவதில்லை. தட்டச்சு, கணக்கு எழுதுவது போன்ற இணையம் வேண்டாத வேலைகளுக்கு அவை இன்னும் உதவும்.

எல்லாம் பார்த்தும் தேறாத லேப்டாப்பை விற்கவோ, மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுக்கவோ நேரலாம். அப்போது "ஃபார்மெட் போட்டுட்டேன், எல்லாம் போயிடுச்சு" என்ற கடைசி நம்பிக்கை குறுக்கே வரும். ஹார்டு டிஸ்க்கில் 'குயிக் ஃபார்மெட்' அழிப்பது கோப்புகளின் பட்டியலைத்தான். புகைப்படங்களும் மதிப்பெண் பட்டியல் நகல்களும் டிஸ்க்கில் அப்படியே இருக்கும். இலவச மீட்பு மென்பொருளே அவற்றை வெளியே எடுத்துவிடும். விண்டோஸில் குயிக் என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மெட் கொடுத்தால் டிஸ்க் முழுவதும் பூஜ்யங்களால் நிரப்பப்படும். 500 ஜி.பி. டிஸ்க்குக்கு அது சில மணி நேரம் பிடிக்கும். இரவு சார்ஜரில் போட்டு விட்டுவிட்டால் காலையில் முடிந்திருக்கும். எஸ்.எஸ்.டி. என்றால் இந்த முறையை நம்பாமல், அதைத் தயாரித்த நிறுவனத்தின் மென்பொருளில் உள்ள 'செக்யூர் இரேஸ்' வசதியைப் பயன்படுத்த வேண்டும். ஆன் ஆகவே ஆகாத லேப்டாப் என்றால் டிஸ்க்கை மட்டும் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுக்கலாம்.