வேஷம் கேட்கும் முன்

கூத்துப் பழக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

1. ஜமாவில் சேர்ந்த மூன்றாம் நாளே "எனக்கு எந்த வேஷம்?" என்று கேட்பீர்கள். கேட்கும்போது கண் கிரீடப் பெட்டி மேல்தான் இருக்கும். நானும் அப்படித்தான். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லு ஒட்டிய கிரீடம், புஜகீர்த்தி, மார்பதக்கம் எல்லாம் ஏறினால்தான் கட்டை வேஷம். துரியோதனன், கர்ணன், அர்ச்சுனன், இரணியன். இவர்களுடைய வீம்பில்தான் கதை ஓடுகிறது, உண்மை. ஆனால் ஓடுகிற கதையின் மூக்கணாங்கயிறு வேறொருவன் கையில் இருக்கிறது.

2. அவன் கட்டியக்காரன். கூம்புக் குல்லாய், கிழிசல் சட்டை. திரைக்குப் பின்னால் நிற்கிற ராஜாவிடம் "யாரப்பா நீ, எந்த ஊர்?" என்று கேட்டு அவன் வாயாலேயே பேரைச் சொல்ல வைப்பவன். துரியோதனனுக்கும் ஏவலாள், கர்ணனுக்கும் ஏவலாள். துவாபர யுகத்தையும் நம்மூர் ரேஷன் கடையையும் ஒரே மூச்சில் பேச அவனுக்கு மட்டும்தான் உரிமை. அந்த உரிமையை நான் ஒருமுறை கெடுத்தேன். அப்போது எனக்கு இருபது வயது. கர்ண மோட்சம் நடக்கிறது. விடிய இரண்டு நாழிகை இருக்கும். கர்ணன் பெண்சாதி பொன்னுருவி புலம்பிக்கொண்டிருக்கிறாள். தூங்குகிற நாலு பேரை எழுப்பலாமே என்று நடுவில் ஒரு நையாண்டி விட்டேன். சிரித்தார்கள். முன்னால் பாய் போட்டு உட்கார்ந்திருந்த கிழவி மட்டும், கண்ணில் வைத்திருந்த முந்தானையை இறக்கிவிட்டு என்னையே பார்த்தாள். வாத்தியார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாளிலிருந்து ஒரு மாதம் என் கையில் வெறும் தாளம். எப்போது பேசக்கூடாது என்பது தெரிகிறவரை குல்லாயைத் தொடாதே.

3. பெண் வேஷத்தைச் சின்ன வேஷம் என்று எவனாவது சொன்னால் அவனைப் பொன்னுருவி ஆடச் சொல். வியாச பாரதத்தில் அவளைத் தேடினால் கிடைக்க மாட்டாள். நம் கூத்திலோ அவள் இல்லாமல் கர்ணன் இல்லை. கர்ணன் கொடைவள்ளல் என்று பின்பாட்டுக்காரர் நூறு தடவை பாடலாம். தேரோட்டி வளர்த்த பிள்ளை என்று வீட்டுக்குள் அவனுக்கு என்ன மரியாதை என்பதை அவள் ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாலே ஊர் புரிந்துகொள்ளும். அர்ச்சுனன் அம்பு விடியற்காலையில்தான் வரும். அதற்கு முன்பே கர்ணன் அடிபட்டவன் என்று காட்டுவது இந்த வேஷத்தின் வேலை. ஆண்பிள்ளை கட்டினால் குரலைக் குழைத்துக் கொஞ்சாதே, கேலியாகிவிடும். இப்போது பெண்பிள்ளைகளும் கட்டுகிறார்கள், கட்டை வேஷம் உட்பட. பார்த்து நான் அசந்துபோயிருக்கிறேன்.

4. முனிவர், தூதன்: வா, சேதியைச் சொல், போ. கமண்டலத்தை வைத்துக்கொண்டு வித்தை காட்டாதே.

5. துச்சாதனன் கிடைத்தால் முகம் சுளிக்காதே. முகத்தில் சிவப்பு ஏறியதுமே குழந்தைகள் அம்மா மடியில் ஒளியும். அது உனக்குக் கிடைக்கிற வெகுமதி. ஆனால் துகில் கூத்தன்று ஒரு முறை இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழாவில் எதிரே நிற்பது வேஷக்காரன் மட்டும் இல்லை, ஊருக்கு அவள் அம்மன். சேலையில் கை வைக்கும் முன் ஆட்டத்தை நிறுத்து. கற்பூரம் ஏற்று, கும்பிடு, வேஷத்துக்காகச் செய்கிறேன் தாயே என்று மன்னிப்புக் கேள். மத்தளமும் அந்த நேரம் அடங்கியிருக்கும். கற்பூரம் அணைந்ததும் நீ மறுபடி துச்சாதனன். அப்புறம் தயவுதாட்சண்யம் பார்த்து அரைகுறையாக இழுக்காதே. நீ இன்றைக்குக் கொடியவனாக இல்லாவிட்டால், படுகளத்தன்று அவள் கூந்தல் முடிவதைப் பார்க்க எந்த ஊர் பதினெட்டாம் போர் வரை காத்திருக்கும்?