தலைப்பிரசவத்துக்குக் காத்திருக்கும் மகளுக்கு ஏழு சொல்

காஞ்சிபுரம் மாவட்டத்துப் பெருநகரிலோ பக்கத்து ஊர்களிலோ முதல் பிள்ளையைச் சுமக்கும் மகளே, பயமாக இருக்கிறதென்று வெட்கப்படாதே. பயந்தால் உடம்பு இறுகும். இறுகினால் வலி கூடும். வலி கூடினால் பயம் இன்னும் வளரும். கிராண்ட்லி டிக்-ரீட் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1930-களிலேயே இதை எழுதினார். அந்த இறுக்கத்தைத் தளர்த்தத்தான் யோகா.

1. முதலில் டாக்டரைக் கேள். ரத்தப்போக்கு, நஞ்சுக்கொடி கீழிறங்கியிருப்பது, கர்ப்பப்பை வாயில் தையல், ரத்தக்கொதிப்பு இருந்தால் அவர் சொல்லாமல் எந்த ஆசனமும் வேண்டாம்.

2. மூச்சில் தொடங்கு. மூக்கால் இழு, இழுத்ததைவிட நிதானமாக விடு. விடும்போது 'ம்' என்று ஒலி எழுப்பினால் தாடையும் தோளும் தளரும். மூச்சை அடக்குவதும் கபாலபாதியும் இப்போது கூடாது.

3. ஆசனம் இரண்டு மூன்று போதும். சுவரில் சாய்ந்து உள்ளங்கால்களைச் சேர்த்து உட்காரும் பத்த கோணாசனம் தொடையைத் தளர்த்தும். முட்டியும் கையும் ஊன்றி முதுகை மெல்ல வளைத்து நிமிர்த்தும் மார்ஜாரி ஆசனம் முதுகு வலிக்கு இதம். ஐந்து மாதத்துக்குமேல் நெடுநேரம் மல்லாந்து படுக்காதே. கனத்த கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தினால் மயக்கம் வரும். ஒருக்களித்துப் படு.

4. "நாற்று நட்டவளுக்கு யோகா எதற்கு?" என்பார்கள். வெயிலில் நாளெல்லாம் குனிவது உழைப்பு. அது உடம்பை வற்ற வைக்கும். யோகா ஓய்வோடு செய்வது. இரண்டையும் ஒன்றாக்காதே.

5. வளைகாப்பில் பயங்காட்டும் கதைகளுக்குக் காது கொடுக்காதே. கேட்க வேண்டியதை நர்ஸம்மாவிடம் கேள். பிரசவ வலி விட்டு விட்டுத்தான் வரும். ஒவ்வொன்றும் ஏறி, சுமார் ஒரு நிமிடத்தில் இறங்கும். ஏறும்போது நீள மூச்சு விடு, இறங்கியதும் உடம்பைத் தளரவிடு.

6. உத்திரமேரூரோ காஞ்சிபுரமோ, போகப்போகும் ஆஸ்பத்திரியை முன்பே ஒருமுறை பார்த்துவிடு. பிரசவ அறையில் கூட இருக்கப் பெண் துணை உண்டா என்று கேட்டுவை. ராத்திரியில் வண்டி கிடைக்குமா என்று கலங்காதே, 108 ஆம்புலன்ஸ் இலவசம்.

7. யோகா செய்தால் சுகப்பிரசவம் உறுதி என்பவரை நம்பாதே. சிசேரியன் ஆனாலும் நீ தோற்கவில்லை; அங்கேயும் மூச்சு கைகொடுக்கும்.

கடைசியாக: ரத்தம் பட்டாலோ, பனிக்குடம் உடைந்தாலோ, பிள்ளையின் அசைவு குறைந்தாலோ, கடும் தலைவலியோடு கண் மங்கினாலோ பயிற்சி செய்துகொண்டு உட்காராதே. யாரையும் எதிர்பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு.