முதலில் வருவதெல்லாம் நம்பத்தக்கதா?

நம்பிக்கை: இணையத் தேடலில் முதலில் வருவதே சரியான தகவல்.

உண்மை: தேடுபொறி எந்தத் தகவலையும் விசாரித்துச் சான்று அளிப்பதில்லை. நீங்கள் கேட்ட சொற்கள் ஒரு பக்கத்தில் உள்ளனவா, பிற தளங்கள் அதற்கு இணைப்பு கொடுத்துள்ளனவா, நீங்கள் எந்த ஊரிலிருந்து தேடுகிறீர்கள் என்று பலவற்றைக் கணக்கிட்டு வரிசைப்படுத்துகிறது, அவ்வளவுதான். அந்த வரிசைக்கும் மேலே விளம்பரங்கள் வரும். அது காசு கொடுத்து வாங்கிய இடம்.

வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைக்க வேண்டிய விஷயம் இது. வங்கி, கேஸ், கூரியர் என்று எதற்காக வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடினாலும், முதலில் கண்ணில் பட்ட எண்ணுக்கு அழைக்காதீர்கள். மோசடிக்காரர்கள் போலி எண்களைப் பல பக்கங்களில் தூவி வைக்கிறார்கள். கூகுள் வரைபடத்தில் ஒரு கிளையின் தொலைபேசி எண்ணைத் திருத்தும்படி யார் வேண்டுமானாலும் பரிந்துரைக்கலாம். இந்தியாவில் வங்கிக் கிளைகளின் எண்ணையே அப்படி மாற்றிப் பணம் பறித்திருக்கிறார்கள். ஏடிஎம் அட்டையின் பின்புறமும் பாஸ்புக்கிலும் அச்சாகியிருக்கும் எண்ணே பாதுகாப்பானது. பணம் போய்விட்டதா? யோசித்துக்கொண்டிருக்காமல் சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930க்கு அழையுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறிப் போய்விடும்.

நம்பிக்கை: பல லட்சம் முடிவுகள் என்று காட்டினால் அத்தனையையும் பார்க்கலாம்.

உண்மை: அது தோராய மதிப்பீடு. பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனால் சில நூறு முடிவுகளுக்குள் பட்டியல் தீர்ந்துவிடும்.

நம்பிக்கை: தமிழில் தேடினால் உருப்படியாக எதுவும் கிடைக்காது.

உண்மை: கிடைக்கும். ஆனால் நம் வாயில் வரும் சொல்லை விட்டுவிட்டு, அந்தப் பக்கத்தை எழுதியவர் எந்தச் சொல்லைப் போட்டிருப்பார் என்று யோசிக்க வேண்டும். ‘பட்டாவில் பேர் மாத்துவது’ என்று தேடுவதைவிட, அரசு ஆவணங்களில் உள்ளபடி ‘பட்டா மாறுதல்’ என்று தேடினால் பலன் அதிகம். எழுத்து வேறுபாடும் உண்டு: சில நாளிதழ்கள் ‘கொரோனா’ என்றும் சில ‘கரோனா’ என்றும் எழுதின. இரண்டையும் தேடிப் பார்க்க வேண்டும்.

சொற்றொடரை மேற்கோள்குறிக்குள் போட்டால் அதே வடிவம் உள்ள பக்கங்கள் மட்டுமே வரும். ஆங்கிலத்தில் இது பெரிய உதவி; தமிழில் கவனம் தேவை. ‘மாறுதல்’ என்று குறிக்குள் போட்டால் ‘மாறுதலுக்கு’ விடுபட்டுவிடும். முதலில் குறியில்லாமல் தேடுங்கள். முடிவுகள் குவிந்தால் மட்டும் குறி போடுங்கள். சொல்லுக்கு முன் கூட்டல் குறி போடும் பழைய முறையை கூகுள் 2011இலேயே கைவிட்டது. வேண்டாத சொல்லுக்கு முன் ஒட்டினாற்போல் கழித்தல் குறி போடுவது இன்றும் செல்லும்.

நம்பிக்கை: தேடலில் வராதது இணையத்திலேயே இல்லை.

உண்மை: இதை நம்பித்தான் எத்தனையோ பேர் பாதியில் தேடலை விட்டுவிடுகிறார்கள். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தயாரான கோப்புகள் நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். கணினிக்கோ அவை பொருளற்ற எழுத்துக் கோவை. யுனிகோடில் தட்டச்சு செய்து தேடினால் அவை சிக்காது. ஸ்கேன் செய்த பழைய நூல்களும் பெரும்பாலும் அப்படியே, அவற்றின் உள்ளே இருக்கும் வரிகள் தேடுபொறிக்கு எட்டுவதில்லை. பழந்தமிழ் நூலோ பழைய இதழோ வேண்டுமென்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்துக்கும், ஈழத்து நூல்களுக்கு ‘நூலகம்’ என்ற தளத்துக்கும் நேராகச் சென்று, நூலின் பெயரையோ ஆசிரியர் பெயரையோ அங்கேயே தேடுங்கள்.