கண்ணைக் கசக்காதே

போனக்காட்டு லயத்தில் ஒரு பையன். வயது 17. எப்போதும் கண்ணைக் கசக்குவான். கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டும் பார்வை தெளியவில்லை. அம்மா அவனைத் திருவனந்தபுரம் அரசு கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். பாட்டியும் கூடப் போனார்.

டாக்டர் சோதித்தார். "கருவிழி மெலிந்து கூம்பு போலப் பிதுங்குகிறது. கசக்கினால் நோய் கூடும்" என்றார்.

"குணமாகுமா சார்?" என்று அம்மா கேட்டார்.

"இது ஆரம்பம்தான் அம்மா. சொட்டு மருந்து விட்டு ஒளி பாய்ச்சினால் மேலும் பிதுங்காமல் தடுக்கலாம். முற்றித் தழும்பு விழுந்தால் வேறு கருவிழி வைத்துத் தைக்க வேண்டும். உலகில் இந்த ஆபரேஷன் 1905-லேயே வெற்றி பெற்றது."

"வேறு கருவிழிக்கு எங்கே போவது?"

"இறந்தவர் கண்ணிலிருந்துதான் எடுக்க வேண்டும். 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். அதற்காகவே 1945-ல் சென்னையில் இந்தியாவின் முதல் கண் வங்கி தொடங்கியது."

பாட்டி தயங்கினார். "கண்ணைக் கொடுத்தால் அடுத்த பிறவியில் கண் இல்லாமல் பிறப்போமாமே?"

"அது வெறும் பயம் பாட்டி. முகமும் கெடாது. கண்ணாடி போட்டவரும், சர்க்கரை நோய் உள்ளவரும் கூடக் கொடுக்கலாம்."

பாட்டி பேரனைப் பார்த்தார்.

"மண்ணுக்குப் போகிற கண்தானே. என் காலத்துக்குப் பிறகு எடுத்துக்கொள்ளுங்கள். மறக்காமல் சொல்லி அனுப்பு மகளே" என்றார்.

பேசுவோம்: உங்கள் வீட்டில் இதைப் பற்றிப் பேசியிருக்கிறீர்களா?