விளக்குக்குள் ஒரு செய்தித் தடம்: இளம் ஒளியியல் பொறியாளருக்குக் கடிதம்



நீல லேசர் டையோடோடு பண்பேற்றியை ஒரே சிப்பில் சேர்க்கும் வேலையைக் கையில் எடுத்திருக்கிறீர்கள். அதை வேகத்துக்கான பந்தயமாக மட்டும் பார்க்க வேண்டாம். அதே லேசர் விளக்காகவும் இருந்து அறைக்கு வெளிச்சம் தர வாட் கணக்கில் ஒளி வேண்டும். அதற்கு ஆம்பியர் கணக்கில் மின்னோட்டம் ஓட வேண்டும். அந்த மின்னோட்டத்தையே விநாடிக்கு நூறு கோடி முறை ஏற்றி இறக்கிச் செய்தி அனுப்பும் இயக்கிச் சுற்று மின்சாரத்தைத் தின்னும், சூடேறும். பண்பேற்றி இந்த இரு வேலைகளையும் பிரிக்கிறது. லேசர் பகுதி நிலையான மின்னோட்டத்தில் ஒளி தருகிறது. பக்கத்துப் பகுதி சில வோல்ட் மாற்றத்தில் அந்த ஒளியைக் கூட்டிக் குறைக்கிறது. இந்தப் பிரிவினைதான் ஒருங்கிணைப்பின் உண்மையான பயன்.

இது வெறும் கருத்தல்ல. சவூதி அரேபியாவின் மன்னர் அப்துல்லா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகமும் சேர்ந்து 448 நானோமீட்டரில் இத்தகைய கருவியை 2016இல் வெளியிட்டன. அதில் படிகத் தளத்தின் தேர்வைக் கவனியுங்கள். வழக்கமான சி-தளத்தில் வளர்த்த குவாண்டம் கிணறுகளில் முனைவாக்கத்தால் பிறக்கும் உள் மின்புலம் மிக வலுவானது. நாம் தரும் பின்னோக்குச் சார்பு முதலில் அதை ஈடுகட்டுவதிலேயே செலவாகிவிடும். அந்தக் கருவிக்குத் தேர்ந்த, சி-தளத்துக்குச் சாய்ந்த தளத்தில் அந்தப் புலம் அடங்குவதால், சிறு மின்னழுத்தமே உறிஞ்சல் விளிம்பை லேசரின் அலைநீளத்தை நோக்கி நகர்த்திவிடுகிறது.

மறுப்பு வரும். நேரடிப் பண்பேற்றத்திலேயே நீல லேசர்கள் விநாடிக்குப் பல கிகாபிட் அனுப்பிவிட்டனவே, பிறகு ஏன் இந்தச் சிக்கல்? சிறிய லேசருக்கு அந்த வாதம் சரி. ஒளித்திறன் உயர உயரத்தான் அது தளர்கிறது. இதைவிடக் கனமான மறுப்பு, பண்பேற்றி ஒளியை விழுங்குகிறது என்பது. குழாயை மூடினால் தண்ணீர் தொட்டியில் நிற்கும். இங்கே உறிஞ்சப்பட்ட ஒளி ஒளிமின்னோட்டமாகிச் சிப்பையே சூடாக்கும். போதாததற்கு, இரு பகுதிகளுக்கும் நடுவே பிரதிபலிப்பான் இல்லாவிட்டால் பண்பேற்றியும் லேசரின் ஒத்ததிர்வுக் குழிக்குள் அடங்கிவிடும். அப்போது உறிஞ்சல் கூடினால் லேசரின் தொடக்க மின்னோட்டமும் ஏறும். பிரிவினை பாதிதான் நிறைவேறும். இந்தக் குறையை மறைக்கக் கூடாது. விளக்குக்கான வடிவமைப்பில் ஒளியை முழுதாக அணைத்து ஏற்றத் தேவையில்லை, சிறு ஏற்ற இறக்கமே போதும் என்பதுதான் என் பதில். அப்படிச் செய்தால் இழப்பு சுருங்கும். ஏற்பியில் சமிக்ஞையும் சிறுக்கும். அந்த விலையைக் கொடுத்தே ஆக வேண்டும்.

கடைசியாக ஒன்று: நீல ஒளியை வெள்ளொளியாக்கும் பாஸ்பர் இல்லாமல் எடுத்த அளவீட்டை விளக்கின் அளவீடாகக் காட்டாதீர்கள். சீரியம் கலந்த யாக் (இட்ரியம் அலுமினியம் கார்னெட்) பாஸ்பரின் மஞ்சள் ஒளி தணிய 60-70 நானோவிநாடி ஆகும்; அதனால் அது சில மெகாஹெர்ட்ஸைத் தாண்டிச் செய்தி சுமக்காது. வேகமான செய்தியைச் சுமப்பது மாறாமல் தப்பிவரும் நீலப் பங்கு மட்டுமே. வெள்ளொளியில் அது சிறுபங்கு. ஏற்பியின் முன் நீல வடிகட்டி வைத்துத்தான் அதைப் பிரித்தெடுக்க வேண்டும். எனவே அடுத்த முறை கிகாஹெர்ட்ஸ் வரைபடம் தரும்போது, அதே சார்பு மின்னழுத்தத்தில், பாஸ்பருக்குப் பிறகு, ஒரு வாட்டுக்கு எத்தனை லூமென் கிடைத்தது என்பதையும் அதன் பக்கத்திலேயே தாருங்கள்.