சுமையைச் சில்லுக்குக் கொடுப்போம்

பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்களை மூடியது. உயிர் தப்பியவர்கள் பாடசாலைகளிலும் தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்க நேர்ந்தது. இப்படி இடம்பெயர்ந்து புது இடத்தில் வேரூன்றும் குடும்பத்திற்கு முதல் வேலையே சுமைதான். லொறி றோட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து சீமெந்து, மணல், கல் எல்லாம் தலையில் ஏறும். பிறகு சாணம், தண்ணீர், விளைந்த கோவா, கிழங்கு. 50 கிலோ சீமெந்துப் பையோடு மேடேறியவருக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

ஒற்றைச் சில்லுத் தள்ளுவண்டி ஒன்று இருந்தால் முதுகு பிழைக்கும். ஆனால் கரடுமுரடான நிலத்திற்கு எல்லா வண்டியும் ஆகாது. வாங்குமுன் நாம் பார்க்க வேண்டியவை:

1. சில்லு: பெரிய சில்லு கல்லில் ஏறி இறங்கும், சிறியது முட்டி நிற்கும். அகலமான காற்று டயர் சேற்றில் அதிகம் புதையாது. ஆனால் முள் குத்தினால் காற்றுப் போகும். டியூப் ஒட்ட வசதியில்லாத இடத்தில் கட்டி இறப்பர் சில்லு கைகொடுக்கும். தள்ளுவதற்குத்தான் சற்றுக் கடினம்.

2. ஒன்றா, இரண்டா: இரண்டு சில்லு சமதரைக்கு நல்லது. சரிவைக் குறுக்கே கடக்கும்போது ஒரு சில்லு மேலேறி வண்டி சாயும். நமது ஒற்றையடிப் பாதைக்கு ஒரு சில்லே பொருத்தம்.

3. பாரம் இருக்கும் இடம்: அச்சிலிருந்து கைபிடி 150 சென்ரிமீற்றர் தூரம் என்போம். 100 கிலோ பாரத்தின் நடு, அச்சிலிருந்து 75 சென்ரிமீற்றரில் இருந்தால் கைக்கு 50 கிலோ வரும். 50 சென்ரிமீற்றரில் இருந்தால் சுமார் 33 கிலோதான். ஆகவே தொட்டி சில்லை ஒட்டியிருக்கும் வண்டியை எடுங்கள். கனமானதை முன்னால் அடுக்குங்கள். பழைய சீன வண்டிகளில் பெரிய சில்லு நடுவிலேயே இருந்து பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்கியது.

4. சட்டமும் காலும்: கைபிடிக் குழாய் சில்லு வரை ஒரே துண்டாக இருக்கட்டும். கால்களுக்கிடையே குறுக்குக் கம்பி வேண்டும். அச்சுக்குக் கிரீஸ் போடத் தவறாதீர்கள்.

மலையில் ஒரு விதி: ஆள் மேலே, வண்டி கீழே. மேடேறும்போது முன்னே நடந்து வண்டியைப் பின்னால் இழுங்கள். இறங்கும்போது வண்டியை முன்னே விட்டு, கைபிடியைத் தாழ்த்தினால் கால்கள் தரையில் உரசி வேகம் குறையும். கைதவறினாலும் வண்டி உங்கள்மேல் வராது. கீழே பிள்ளைகள் நிற்கக் கூடாது.

வண்டிப் பாதையை நேரே மேலிருந்து கீழாக வெட்டாதீர்கள். மழைநீர் அதன் வழியே பாய்ந்து மண்ணை அரிக்கும். வளைத்து வெட்டி, ஓரத்தில் கான் வைத்து, அதை அடைபடாமல் காப்போம்.

தனியாக வாங்க முடியாவிட்டால் நாலைந்து வீடுகள் சேரலாம். கடைக்குப் போகும்போது அதைத் தள்ளப்போகும் பெண்களும் போகட்டும். பாரம் ஏற்றித் தள்ளிப் பார்த்தபின் பணம் கொடுங்கள்.

சேர்ந்து பேசுவோம்:
- நம் வீடுகளில் அதிகம் சுமப்பவர் யார்?
- பொது வண்டியை யார் வைத்திருப்பது? பழுதானால் செலவு யாருடையது?
- பாதையில் முதலில் திருத்த வேண்டிய இடம் எது?